கையெட்டும் தூரம்

பிப்ரவரி 9

என் ஜன்னல்காரிக்கு,

உன் கதவுக்காரி நிறைய அன்போடும் பாதித் தூக்கத்தோடும் எழுதுகிறேன். பிள்ளைகளோடு ஆஸ்பத்திரி வார்டில் கிடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் நமக்கு அந்த ஜன்னலோர, கதவோரக் கட்டில்கள்தான் பெயர், பார். போனில் பேசினால் என்ன என்கிறாள் என் தங்கை. பிள்ளைகள் காதில் விழாமல் நாம் எதைப் பேசுவது? நமக்குக் கடிதம்தான் சரி.

உன் பிள்ளை வாண்டுக்கு மறுபடி வலிப்பு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததும் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூளையில் அவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்தும் நிற்கவில்லை என்றால் அது என்ன வலிப்போ! நீ ஒருத்தி அங்கே இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே நடமாடுகிறேன். தளர்ந்துவிடாதே.

என் குட்டிக்குப் பதினேழு முடிந்துவிட்டது. தைத்த துணிகளைக் கொடுக்க அவளையும் கடைக்குக் கூட்டிப் போனேன். கடை வாசலிலேயே வந்துவிட்டது. ஒரு மகராசன் கைக்குட்டையைச் சுருட்டி அவள் வாயில் திணிக்க வந்தான். "கையை எடுய்யா, இல்லேன்னா உன் விரலை நானே கடிச்சிடுவேன்" என்று கத்தினேன். ஓடியே போய்விட்டான்.

குட்டிக்கும் ஆபரேஷன் செய்யலாமா என்று அடுத்த வாரம் பெரிய டாக்டர் முடிவாகச் சொல்லப்போகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கதவுக்காரி

*

பிப்ரவரி 15

என் கதவுக்காரிக்கு,

கைக்குட்டைக்காரனை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். இங்கே பழைய கதைதான். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போதே வாண்டு சரிந்துவிட்டான். தட்டு உடைந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டான். இப்போது தேவலை.

என் கதை கிடக்கட்டும். டாக்டர் என்ன சொன்னார்? உடனே எழுது.

உன் ஜன்னல்காரி

*

பிப்ரவரி 24

ஜன்னல்காரிக்கு,

இந்தத் தடவை அன்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தால் எதிரே நம் பழைய வார்டு நர்ஸ். குட்டியைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "என் மக உங்க சிநேகிதி ஊர்லதான் இருக்கா. பேரன் அங்க குளத்துல நீச்சல் கத்துக்கறான். சொல்லித் தர்றது யாருங்கறீங்க? நம்ம வாண்டு! ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு தடவைகூட வரலையாமே! உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

"தெரியாம என்ன" என்று நானும் இளித்தேன். வேறு என்ன செய்ய?

நீச்சலாம்! வாளித் தண்ணீர் பக்கம்கூடப் பிள்ளைகளைத் தனியே விடாதவர்கள் நாம். அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை உடைந்த தட்டு? கடித்த நாக்கு? எல்லாம் பச்சைப் பொய். இந்தக் கடிதத்தில் தட்டை உடைப்போம், அடுத்ததில் நெற்றியில் தையல் போடுவோம் என்று உட்கார்ந்து யோசித்தாயா? நன்றாக இருக்கிற பிள்ளைக்கு வலிப்பு வந்தது என்று எழுத உனக்குக் கை எப்படியடி வந்தது?

அந்தப் பிள்ளைக்காக நான் அழுதிருக்கிறேன். இரண்டு வருஷமாக என் காதில் பூச் சுற்றியிருக்கிறாய். இவளுக்கு நல்ல சேதியைத் தாங்கத் தெம்பு இல்லை, பாவம் என்று நினைத்தாயா? உன் பரிதாபத்தைக் கொண்டுபோய் அந்தக் குளத்திலேயே கொட்டு.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாயே. உனக்குச் சொல்ல மாட்டேன். இனிமேல் எழுதாதே.

குட்டியின் அம்மா

*

மார்ச் 3

குட்டியின் அம்மாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுவேன். வாய்க்கு வந்தபடி திட்டினாய் அல்லவா, இப்போது நீ கேள்.

நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கட்டில் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாம் மறுபடி வார்டில் சேர்ந்திருந்தபோது அந்த நடுக்கட்டில்காரி, தன் மகளுக்கு ஒரு வருஷமாக வலிப்பே வரவில்லை என்று இனிப்புப் பெட்டியோடு வார்டுக்கு வந்தாள். நீ சிரித்துக்கொண்டே வாங்கினாய். அவள் தலை மறைந்ததும் பெட்டியோடு குப்பைத்தொட்டியில் போட்டாய். "பவிசு காட்ட வந்துட்டா" என்றாய். அதற்கப்புறம் அவள் போன் செய்தால் எடுக்கவே இல்லை. நானும்தான் உன்னோடு சேர்ந்து சிரித்தேன்.

வாண்டுக்கு நின்றபோது, யாரிடமாவது சொல்லிக் கத்த வேண்டும்போல இருந்தது. முதலில் உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. அடுத்தது அந்தக் குப்பைத்தொட்டி.

பரிதாபமாம்! பயந்தேனடி. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பொய் சொன்னதற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன். என் பிள்ளை நன்றாக ஆனதற்குக் கேட்க மாட்டேன். நீ தலைகீழாக நின்றாலும் கேட்க மாட்டேன்.

இதையும் தெரிந்துகொள். வலிப்பு நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைத்தோம்? அவன் இன்னும் மாத்திரை விழுங்குகிறான். பள்ளிக்கூடத்தில் விட்டதைப் பிடிக்கவே முடியவில்லை. காலையில் சொன்னது சாயங்காலம் மறந்துபோகிறது. சிநேகிதன் என்று ஒருத்தன் கிடையாது. குளத்துச் சின்னப் பிள்ளைகள்தான் அவனுக்குத் தோழர்கள். கரண்டி கீழே விழுந்தால் நான் இன்னும் ஓடுகிறேன். இதையெல்லாம் யாரிடம் சொல்ல? பிள்ளை பிழைத்தும் மூக்கைச் சிந்துகிறாள் பார் என்பார்கள்.

டாக்டர் என்ன சொன்னார்?

நீ ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும்,
உன் ஜன்னல்காரி

*

மார்ச் 20

ஜன்னல்காரிக்கு,

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அந்த இனிப்புப் பெட்டி கையைத் தடுத்துவிட்டது. ஆமாம், போட்டேன். நீ வாங்கி வந்திருந்தாலும் போட்டிருப்பேன். அது எனக்கே தெரிகிறது என்பதுதான் இன்னும் எரிச்சல்.

டாக்டர் சொன்னது இதுதான். குட்டிக்கு மூளையின் இரண்டு பக்கமிருந்தும் வலிப்பு கிளம்புகிறதாம். எடுத்துப்போட இதுதான் என்று ஓர் இடம் இல்லை, அதனால் ஆபரேஷன் இல்லை. "முழுசா நிக்கும்னு காத்துட்டிருக்காதீங்கம்மா. குறைக்கப் பாப்போம். பெரியவளானாலும் இது இருக்கும், கூட ஒருத்தர் இருக்கணும். இதோட அவ எப்படி வாழப்போறான்னு இப்பவே யோசிங்க" என்றார். கூட ஒருத்தர் என்றால் யார்? நான் போன பிறகு யார்? அந்த மனிதர் மேல் பாய முடியாமல் வெளியே வந்தேன். நர்ஸ் உன் சேதியைச் சொன்னாள். உன்னைப் பிடித்துக் குதறிவிட்டேன். ஆனாலும் பொய் பொய்தான்.

டாக்டர் பேசியதும் நர்ஸ் பேசியதும் எல்லாம் குட்டி காதில் விழுந்திருக்கிறது. நாம் கடிதம் எழுதிக் காப்பாற்றிய லட்சணம் அவ்வளவுதான். முந்தாநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, வாண்டுக்கு நீச்சலும் தெரியும், வலிப்பும் தெரியும். அவன் பிடிச்சுக்கிட்டா நான் தண்ணியில இறங்கலாமா?"

"வாயை மூடு. முதல்ல இது நிக்கட்டும்" என்று கத்தினேன்.

"அதான் நிக்காதுன்னு சொல்லிட்டாரேம்மா. இன்னும் எதுக்குக் காத்துட்டிருக்கணும்?" என்றாள்.

சின்ன வயதிலிருந்து பள்ளிச் சுற்றுலா, சைக்கிள், தோழி வீடு என்று எல்லாவற்றுக்கும் நான் சொன்ன பதில் அதுதான். நிக்கட்டும். எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். இடுப்பளவு தண்ணீர், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஒருவர் கையெட்டும் தூரத்தில், கரையில் கண்ணை எடுக்காமல் இன்னொருவர். அப்படியென்றால் இறங்கலாம் என்றார்.

குட்டியை உங்கள் ஊர்க் குளத்துக்கே கூட்டி வருகிறேன், அவளைப் பிடித்துக்கொள்வானா என்று வாண்டிடம் கேள். மறந்துபோவான், மறுநாளும் கேள். குட்டிக்குக் குளிக்கிற உடை வெட்டிவிட்டேன், தைத்துக்கொண்டிருக்கிறேன். கரையில் நான் உட்காருவேன். என் பக்கத்தில் நீ உட்கார வேண்டும். உன்னை முகத்துக்கு நேரே திட்ட வேண்டியது இன்னும் ஏகப்பட்டது இருக்கிறது.

குளத்துக்கு வரும்போது இனிப்பு வாங்கி வா. வாண்டுக்கு நின்றதற்கு. பெட்டியை என் கையில் கொடு, உன் கண்ணெதிரே தின்கிறேன்.

உன் கதவுக்காரி