கௌசிக்கு வைத்த ஃப்ளெக்ஸ்

ஆடி 8, ஞாயிறு

காற்று பேய்க்காற்று. மாட்டுக்கொட்டகை மேல் தென்னை மட்டை விழுந்து இரண்டு ஓடு காலி.

மகள் கௌசிக்கு ஸ்காலர்ஷிப் உறுதி. நெதர்லாந்து. நாலு வருசம், செலவெல்லாம் அவர்களே. நிலத்தடித் தண்ணியைப் பற்றி ஆராய்ச்சி. முடித்தால் டாக்டராம், ஊசி போடத் தெரியாத டாக்டர். அப்பன் நான் எட்டாவது, அதுவும் வாத்தியார் தள்ளிவிட்டது.

அவள் அம்மா சரசு அழுதாள். நான் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன்.

ஆடி 9, திங்கள்

கொழிஞ்சாம்பாறை ரோட்டு முக்கில் ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு. கௌசி போட்டோவை விட என் போட்டோ பெரிசு. நான் சொல்லவில்லை, கடைக்காரன் செய்தது. (சொன்னேன்.) கௌசி பேப்பரில் இருந்த ஆராய்ச்சித் தலைப்பை இங்கிலீஷிலேயே முழுசாகப் போடச் சொன்னேன். அர்த்தம் தெரியாது, பார்க்க கம்பீரம்.

ஆடி 10, செவ்வாய்

நாசம்.

டீக்கடையில், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் மாஷ் தலைப்பை எல்லோருக்கும் படித்துச் சொல்லிவிட்டார். 'தென்னந்தோப்புக்காரர்கள் போர்வெல் போட்டுப் போட்டு நிலத்தடித் தண்ணியைத் தீர்த்தது எப்படி: கிழக்குப் பாலக்காட்டில் ஒரு ஊர்.' ஊர்ப் பேரும் இருக்கிறது. நம்ம ஊர்தான்.

மச்சான் பழனிச்சாமி, சரசுவோட அண்ணன், டீ கிளாசை டொக்கென்று வைத்தான்.

"ஏன் மாப்ள, உன்ற மவ ஏரோப்பிளேன் ஏற நாங்கெல்லாம் திருடனாகோணுமா? அதுக்கு நீயே போஸ்டர் ஒட்டுவியா?"

ஒருத்தனும் என் பக்கம் பேசவில்லை. நானே பேசவில்லை.

ஊட்டுக்கு வந்து கௌசியைக் கேட்டேன், "அந்தத் திருட்டுக் கூட்டத்துல நானும் உண்டா?"

"திருட்டுன்னு நான் எழுதலீங்ப்பா. ஆனா நீங்களும் உண்டுங்க."

என் போர்த் தண்ணியில் விளைந்த தேங்காயை விற்றுத்தான் காலேஜ் ஃபீஸ் கட்டியது. ராத்திரி சாப்பிடவில்லை. சரசு கூப்பிடவும் இல்லை. சமையக்கட்டில் நின்றபடியே இரண்டு தோசை தின்றேன், சத்தம் போடாமல்.

ஆடி 11, புதன்

வெயிலும் காற்றும். மேகம் மலையோடு சரி.

கௌசி டேப்பைத் தூக்கிக்கொண்டு தோப்பு தோப்பாகப் போனாள். போருக்குள்ளே இறக்கினால், தண்ணி தொட்டதும் கூவும் டேப். கிளம்புவதற்குள் ஊர்ப் போர் எல்லாம் அளந்தாகணும். ஒருத்தனும் கேட் திறக்கவில்லை. பழனிச்சாமி நாயை அவிழ்த்து விட்டான். சொந்தத் தாய்மாமன்!

நானும் யோக்கியன் இல்லை. "நம்ம போர்ல கை வெச்சீன்னா பாத்துக்கோ" என்று காலையிலேயே சொல்லியிருந்தேன்.

ஆடி 12, வியாழன்

மோட்டார் ஓடவில்லை, கரண்ட் இல்லை. அதனால் வீட்டுப் பேச்சு காதில் விழுந்தது.

சரசு: "அளக்கலீன்னா என்னடி ஆகும்?"

கௌசி: "தலைப்ப மாத்தச் சொல்லுவாங்கம்மா. வேற ஏதாச்சும் நாட்டுத் தண்ணிய ஆராய்ச்சி பண்ணோணும். நம்மூருன்னா வருசா வருசம் அளக்க வருவேன், டிக்கெட் அவங்களே போடுவாங்க. இல்லீன்னா நாலு வருசம் கழிச்சுத்தான்."

மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன். மாடு ஏற்கனவே குடித்திருந்தது.

ஆடி 13, வெள்ளி

ஃப்ளெக்ஸ் காற்றில் கிழிந்தது. என் முகம் பாதி. ஊருக்கு நிம்மதி.

வேட்டி மாற்றிக்கொண்டு பழனிச்சாமியிடம் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"அளந்து எழுதிப்போட்டா நாளைக்கே கவர்மெண்ட்டுக்காரன் மீட்டர் மாட்டுவான். தோப்பு விலை போகுமா? உன்ற மவ அங்க பனியில நடப்பா, நாங்க இங்க மட்டைய எண்ணுவோம்."

"அவ மாசாமாசமா வரப்போறா? வருசத்துக்கு ஒருக்கா..."

"உன்ற போர அளக்க உட்டியா மொதல்ல?"

வந்துவிட்டேன். செருப்பு மாட்டினேனா என்று பாதி வழியில்தான் பார்த்தேன். மாட்டியிருந்தேன்.

ஆடி 14, சனி

காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கௌசியை எழுப்பினேன். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். போர் மூடியைக் கழற்றினேன், டேப்பை இறக்கினாள். போகுது, போகுது. கூவவே இல்லை. நூற்றைம்பதடியில் தண்ணி என்று டீக்கடையில் நான் பீற்றிய இடம் தாண்டிவிட்டது. டேப்பு கெட்டுப்போச்சா என்று கேட்டேன். கௌசி என்னைப் பார்க்கவில்லை. பாவமாக இருந்திருப்பேன்.

முன்னூறு தாண்டிக் கூவியது.

வரப்பில் பழனிச்சாமி. எப்போது வந்தானோ. "எவ்வளவு?"

பொய் சொல்லலாமென்று வாய் திறந்தேன். கௌசி எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளதைச் சொன்னேன்.

சிரித்தான் பாருங்கள், நாலு தோப்புக்குக் கேட்கும்படி. "அவ்வளவு பாதாளத்துலயா? என்ற போர்ல தண்ணி இதுக்கு எவ்வளவோ மேல மாப்ள!"

"வாயில சொன்னா ஆச்சா? மூடியக் கழட்டு."

"கழட்டறேன். உன்ற மூஞ்சியத் தொங்கப்போடத்தான் கழட்டறேன். அவ படிப்புக்கில்ல."

கௌசி டேப்பைச் சுற்றிக்கொண்டே, "அடுத்த ஆடியிலயும் அளக்கோணும் மாமா" என்றாள்.

"அளந்துக்கோ. உங்கப்பன் அப்பவும் எங்கிட்டத் தோத்துத்தான் போவான்."

ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போனான். கௌசி பின்னால். நாயைக் கட்டச் சொல்லிக் கத்தினேன்.