மேனேஜரும் பின்கதவும்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் குழந்தையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை, குழாய் ரிப்பேர்காரரோடு நேற்றுகூட அரைமணி நேரம் வாதம். எனக்கு வரும் வெள்ளியோடு ஆய்வகத்தில் வேலை முடிகிறது. முப்பத்தொரு வருஷம் பூனைகளின் ரத்தக் குழாயை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கழுத்து கோணிக்கொண்டதுதான் மிச்சம் என்று அப்பா கேலி செய்கிறார். வைரஸ் தொற்றி வயிற்றில் நீர் கோத்த பூனைக்கு ஒரு காலத்தில் கையை விரித்துவிடுவோம், இப்போது மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மருந்து நான் கண்டுபிடித்ததில்லை, ஆனால் அந்த வைரஸ் ரத்தக் குழாயின் சுவரை எப்படிப் புண்ணாக்குகிறது என்று காட்டியவர்களில் நானும் ஒருத்தி.

விடைபெறும் கூட்டத்தில், எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்த மைக்ரோஸ்கோப் ஸ்லைடைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் கேட்பதற்கு முன்னால் நீ கேட்க வேண்டும். அது நம் மேனேஜருடையது. நாற்காலியில் உட்கார்ந்து வீட்டையே மேற்பார்வை பார்த்த உன் சாம்பல் பூனைதான். அது ஓடிப்போகவில்லை சின்னு. ரெண்டு நாளா சாப்பிடலம்மா என்று நீ சொன்னபோது, சரியாயிடும் போ என்றேன். ஊர்ப் பூனை வயிற்றையெல்லாம் தடவிப் பார்க்கிறவள், நம் பூனையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் நீ பள்ளிக்கூடம் போனபிறகுதான் வீக்கம் கண்ணில் பட்டது. ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், மதியம் என் கையிலேயே உயிர் போயிற்று. செத்த பூனைகள் எங்களிடம் ஒரு நாள் கழித்துத்தான் வரும், அதற்குள் குழாயின் உட்சுவர் கெட்டிருக்கும். அழுதுகொண்டேதான் கத்தியை எடுத்தேன், ஆனால் எடுத்தேன். கால்மணி நேரத்தில் குழாயை எடுத்து, கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டுவிட்டேன். வைரஸைச் சுமந்த ரத்த அணுக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றதை அவ்வளவு தெளிவாக அதற்கு முன் பார்த்ததில்லை.

நடந்ததை அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சாயங்காலம் நீ தேடியபோது அப்பாதான் முந்திக்கொண்டு, பின்கதவ நான்தாம்மா தொறந்து போட்டுட்டேன், ஓடிப்போச்சு என்றார். ஒரு மாதம் நீ அவரோடு பேசவில்லை. பிறகு பேசினாய், ஆனால் எதையும் அவரை நம்பிக் கொடுத்ததில்லை, சைக்கிள் சாவிகூட என்னிடம்தான். போன வருஷம் வந்தபோது, குழந்தையை அப்பாவிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம் என்றேன். அப்பாகிட்டயா, கதவத் தொறந்து போட்டுடுவாரு என்று சிரித்தாய். விளையாட்டாகத்தான் சொன்னாய், அவரும் சிரித்தார். அப்புறம் மாடிக்குப் போனவர் வெகுநேரம் இறங்கவில்லை. நான் அப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதுதான் என்னை அரிக்கிறது. சொல்லிவிடட்டுமா என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று, அவளுக்கு அம்மான்னா உசுரு, அத ஏன் கெடுக்கணும் என்பார். இதை எழுதுவதுகூட அவருக்குத் தெரியாது.

என்மேல் கோபம் வரும், வரட்டும், இருபத்திரண்டு வருஷமாக எனக்கு வர வேண்டியதைத்தான் அவர் வாங்கிக்கொண்டிருக்கிறார். குழந்தைக்குச் சளி இருந்தால் நீயாக மருந்து கொடுக்காதே, டாக்டரிடம் காட்டு. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது வழக்கம்போல, அப்பா, அம்மாகிட்ட குடுங்க என்று சொல்லிவிடாதே. அவரோடேயே பேசு.

ஆசிகளுடன்,
அம்மா