பதினோரு நாளுக்கு ஒரு மன்னிப்பு

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது, இங்கே சித்தி, நான், என் தொண்டை மூவரும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. ரேடியோ அதிகாரியிடம் வம்பு வேண்டாம், பேசாமல் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் சித்தப்பா என்று எழுதியிருந்தாய். கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதை உட்கார்ந்து படி.

தையல்கடை மாடியில் நம் வானொலி உனக்குத் தெரிந்ததுதான், சுவரெல்லாம் முட்டை அட்டை, ஒரே மைக். புதன்கிழமை ஐந்து மணிக்கு நான் ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்தால் பஸ்ஸே நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். பழைய நூல் மில் வேலைநிறுத்தத்தைச் சொன்ன அன்று, பேச்சு வேகத்தில் நாற்பது நாள் என்று அடித்துவிட்டேன். புது அதிகாரி, மில்காரர்கள் அச்சடித்த வரலாற்றுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பதினோரு நாள்தானாம், நான் மன்னிப்புக் கேட்காவிட்டால் என் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிவிட்டுத் தலைமையகம் அனுப்பும் பாட்டைப் போடுவாராம். எட்டாவது தாண்டாதவருக்கு மைக் எதற்கு என்று வேறு கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், ஆனாலும் உன் வார்த்தைக்காக இந்தப் புதன்கிழமை அவர் எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன், அவரும் பக்கத்திலேயே கை கட்டி உட்கார்ந்திருந்தார். வேலைநிறுத்தம் பதினோரு நாள் என்று முடிப்பதற்குள் போன் அடித்தது. நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்த அக்கா.

"ஏம்ப்பா, நாற்பதுன்னப்ப உன் வாய் தெரிஞ்சதுதானேன்னு சிரிச்சுட்டு விட்டேன். பதினொண்ணுன்னா விடமாட்டேன். ஆம்பளைங்கதான் பதினோராம் நாள் உள்ள போனாங்க. நாங்க முப்பத்திரண்டு பேரு இன்னும் எட்டு நாள் வாசல்ல உட்கார்ந்திருந்தோம். அதை எந்தப் புத்தகத்துல போட்டாங்க?"

பிறகு அந்த வாசலில் பாடிய பாட்டையும் பாடினார், நாலு வரிக்கு மேல் நினைவில்லை என்று போனை வைத்தார். அடுத்த போனில் அவருடைய கூட்டாளி ஐந்தாவது வரியைப் பிடித்தார். நான் மைக்கைப் போனுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டேன், என் ஆயுளில் அதுதான் முதல் தடவை, சித்தியைக் கேட்டுப் பார். அதிகாரி தன் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார், ஆனால் என் நேரத்தைப் பிடுங்கும் மிரட்டலை மட்டும் திரும்பப் பெறவில்லை, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்கட்டும். அடுத்த புதனும் வருவேன், பூட்டினால் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவேன், என் தொண்டைக்கு மைக் ஓர் அலங்காரம்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். உன் யோசனை நல்ல யோசனை மகளே, இனி வாராவாரம் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். அவரே எழுதித் தரட்டும். மில் புத்தகத்தில் இன்னும் இருநூறு பக்கம் இருக்கிறது.

நோய் நொடியின்றி நிறைந்து வாழ எங்கள் ஆசி. ஈரத்தலையோடு வெளியே போகாதே.

எட்டாவது தாண்டாத உன்
சித்தப்பா