மீன் மெட்டி

புரட்டாசி, செவ்வாய் இரவு

செல்வி இன்று மாரியின் வாயை உடைத்துவிட்டாள்.

பட்டாசுக் கம்பெனி வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். காலையில் கம்பெனி கேட்டில் வாங்கி வைக்கும் போனைச் சாயங்காலம்தான் தருவார்கள். அதனால் கதை படிப்பதெல்லாம் வேனில்தான். மாரி சத்தமாகப் படித்தாள். டிவி சீரியல் ஜோடியை வைத்து நான் புனைபெயரில் எழுதுகிற தொடர்கதை. எழுதுவது நான் என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்த வாரம் நாயகியைத் தீயில் கொன்றிருந்தேன். முகம் கருகிக் கிடக்கிறவளை மெட்டியை வைத்து அடையாளம் காட்டுகிற இடம் வந்தது. செல்வி போனைப் பிடுங்கி மாரியின் முகத்திலேயே அடித்தாள். மாரியின் சேலையெல்லாம் ரத்தம்.

"எந்தச் சிறுக்கி எழுதுனது? ஒருத்தி தீயில வேகுறது வருதுன்னு மேல ஒரு வரி போட்டா என்ன? வெடிப் பெட்டியிலகூட எச்சரிக்கை போடுறோம்ல. நான் காதப் பொத்தியிருப்பேன்."

"மொதல்லயே சொல்லிட்டா கதையில என்னக்கா இருக்கு?" என்றாள் மாரி, ரத்தத்தைத் துப்பிவிட்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். செல்வி மறுபடியும் அடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செல்வியின் தங்கை வெடிவிபத்தில் போனபோது பிணவறையில் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். முகம் என்று ஒன்றும் மிச்சமில்லை. விரலோடு ஒட்டிக் கிடந்த மீன் மெட்டியைத் தொட்டு, "இவதான்" என்றாள்.

இப்போது கதைக்கு மேலே 'தீ விபத்து, மரணம் உண்டு' என்று சேர்த்துவிட்டேன். மெட்டியையும் அழித்துப் பார்த்தேன். அது இல்லாமல் அந்த இடம் நிற்கவில்லை.

திரும்பவும் போட்டுவிட்டேன்.