அண்ணன் வாங்கிய வீட்டுக்கு ஒரு ஜன்னல்

இராஜபாளையம்
ஆடி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணன் முத்துக்குமரனுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். இதை முதலில் எழுதாவிட்டால் மற்றதை நீ பதறிக்கொண்டே படிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய். அதனால்தான் லீவு முடிந்து லடாக் திரும்பும் பாண்டிச்செல்வம் அண்ணனிடம் பால்கோவாவோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த ரெடிமேட் வீட்டின் மேற்கு ஜன்னலைக் கழற்றிவிட்டு வேறு ஜன்னல் வைத்துவிட்டேன்.

உங்கள் கேம்பில் இந்த மாதிரி அறைதான் கதகதப்பாக இருக்கிறது என்று ஆசையாக வாங்கினாய். லாரியில் வந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கும் பெருமைதான். ஆனால் அது குளிருக்காகச் செய்த வீடு அண்ணே. ஜன்னலில் இருப்பது திறக்க முடியாத கண்ணாடி. கம்பெனிக்காரனிடம் கேட்டதற்கு ஏசி மாட்டச் சொன்னான். கண்ணாடியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டவும் செய்தான். எந்த ஊர் வெயிலில் கொண்டுபோய் இறக்குகிறோம் என்று யோசிக்காதவனுக்கு வாரண்டி ஒரு கேடு.

உன்னிடம் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். சித்திரையிலிருந்து அம்மா அந்த வீட்டுக்குள் தூங்கவே இல்லை. வாசலில்தான் பாய். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடும் நேரத்துக்கு முகம் கழுவி, உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொள்வாள். "ஜம்முன்னு இருக்குய்யா" என்பாள். நீ போனை வைத்ததும் இரைத்துக்கொண்டு வெளியே வருவாள். ஆனி மாதம் ஒரு ஞாயிறு அப்படி வெளியே வந்தவளுக்கு மூச்சே வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். "எம்புள்ள பனியில கெடந்து வாங்குன வீடு. குத்தம் சொல்லாதட்டி" என்றாள்.

நூல் அறுந்துவிடும் என்று அம்மா வேலை பார்த்த மில்லில் வெளிக்காற்றே வராமல் ஜன்னல்களை மூடி வைத்திருந்தார்கள். நூலுக்கு இருந்த மரியாதை நூற்றவள் நெஞ்சுக்கு இல்லை. பஞ்சைத் தின்றே நம் இருவரையும் வளர்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகுமா மூடின ஜன்னல்? அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய கட்டிடச் சாமான் விற்கிற கடையில் இரும்புச் சட்டத்தோடு இரட்டைக் கதவு ஜன்னல் கிடைத்தது. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி அக்காவும் நானும் ஸ்குரூவைக் கழற்றிக் கண்ணாடியைச் சட்டத்தோடு இழுத்தோம். செங்கல் சுவர் என்றால் சும்மா நிற்கும். இது நடுவில் தெர்மாகோல் வைத்த தகரம். அந்தச் சட்டம்தான் மேல்பாகத்தையே தாங்கியிருக்கிறது. எடுத்ததும் தகரம் மடங்கி இறங்கிவிட்டது. அக்கா தோளைக் கொடுத்து நின்றுகொண்டு, "ஏட்டி மாரி, ஒங்க அண்ணன் வீடு எந்தலையில எறங்குதுட்டி, எதையாச்சும் முட்டுக் குடு" என்றாள். நான் கம்பு தேடி வாசலுக்கு ஓடினேன். அம்மாதான் கட்டிலைச் சாய்த்துப் பக்கச் சட்டத்தை உருவிக் கொடுத்தாள். "ஒருத்தரும் படுக்காத கட்டிலு, இதுக்காவது ஆகட்டும்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கிறாள்.

புது ஜன்னல் இரண்டு விரல் பெரிதாக இருந்தது. ஆக்ஸா பிளேடால் தகரத்தை அறுத்தோம். தெர்மாகோல் பொடி பறந்து எங்கள் தலையெல்லாம் வெள்ளை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மில்லு விட்டு வாரவளுக மாதிரியே நிக்கியளே" என்றாள். அப்புறம் சிரிக்கவில்லை. நானும்தான்.

இப்போது அந்த இரும்புச் சட்டம்தான் மேல்பாகத்தைத் தாங்குகிறது. ஒரு மூலை கொஞ்சம் கோணல். மழைக்கு ஒழுகாமல் சுற்றிலும் பசை அடைத்திருக்கிறேன். நேற்றைய சாரலுக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. உருவிய சட்டத்தைத் திரும்ப மாட்டிக் கட்டிலையும் பூட்டிவிட்டோம். ராத்திரி மலைக்காற்று நேரே உள்ளே வந்தது. அம்மா கட்டிலில் படுத்தாள். விடிந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பயந்துபோய்ப் பக்கத்தில் போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோபம் வந்தால் என்னைத் திட்டு. அம்மாவிடம் ஒன்றும் கேட்காதே. நீ குறை வைத்துவிட்டதாக அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை; நானும் நினைக்கவில்லை. உனக்குத் திருநீறு மடித்துக் கொடுத்திருக்கிறாள். பனியில் காதை மூடிக்கொள்ளச் சொன்னாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது, கொஞ்சம் தள்ளி உட்காரும்மா என்று மட்டும் சொல். அவளுக்குப் பின்னால் மலை தெரியும்.

உன் தங்கை,
மாரீஸ்வரி