அழித்து எழுதிய பெயர்

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே என் மகளுக்குத் தலை சீவும் நேரம் பார்த்துத்தான் மீட்டிங் வைக்கிறார்கள். போன வாரம் அவசரத்தில் வரைபடத்துக்குப் பதிலாக அவள் வரைந்த யானையைத் திரையில் பகிர்ந்துவிட்டேன். மேனேஜர் சிரிக்கவே இல்லை. நீ இருந்திருந்தால் யானைக்கு நீளம் அகலம் கேட்டிருப்பாய்.

சுற்றி வளைத்தே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் வரைந்து கொடுத்த ஆஸ்பத்திரிக்கு வார்டுக் கதவுகள் வந்து இறங்கி, ஒன்றில்கூடக் கட்டில் நுழையவில்லை என்று மீட்டிங்கில் விசாரித்தார்களே, அந்த வியாழக்கிழமை. வழக்கம்போல நான்தான் குறிப்பு எழுதினேன். நம் ஆபீஸ் முறை உனக்குத் தெரியும். எல்லோரும் பார்க்கத் திரையில் எழுத வேண்டும். கடைசியில் மேனேஜர் "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் அதுதான் முடிவு.

கதவுப் பட்டியல் உன் பொறுப்பு. ஆனால் நீ லீவில் இருந்த அன்று கழிப்பறைக் கதவின் அகலத்தை வார்டு வரிசையில் போட்டது நான். அதை உனக்கு மட்டும் போனில் சொன்னேன். "மீட்டிங்ல நீயே சொல்லிடு" என்றாய்.

தவறு யாருடையது என்ற இடத்தில் என் பெயரைத்தான் டைப் அடிக்க ஆரம்பித்தேன். அதற்குள் மேனேஜர், "பட்டியல் அவங்களோடதுதானே" என்றார். என் கை நின்றது. அடித்த இரண்டு எழுத்தையும் அழித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்திருப்பார்கள்.

ஆட்சேபணை கேட்டபோது உன் மைக் திறந்தது. உன் மூச்சு கேட்டது. பிறகு மைக் மூடிக்கொண்டது. நீ வாயை மூடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதற்குப் பரிசாக உன்னை அவ்வளவு தூரக் கிளைக்கு மாற்றினார்கள். போகும்போதும் என் மகளுக்குக் கலர் பென்சில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வருகிற வியாழன் பத்து மணிக்கு அதே குறிப்பைத் திரையில் திறக்கப் போகிறேன். உன் பெயரை அழித்துவிட்டு என் பெயரை முழுசாக அடிப்பேன். வேலை போனால் போகட்டும் என்று வீறாப்பாக எழுத ஆசைதான். உண்மையில் மகளின் பள்ளிக் கட்டண ரசீதை இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். வியாழக்கிழமை நீயும் மீட்டிங்குக்கு வா. பாதியில் என் கை மறுபடி நின்றால், தயவுசெய்து இந்த முறை மைக்கை மூடிவிடாதே.

மீட்டிங்கில் நீ வைத்த பெயரோடு,
கொட்டாவி