எழுமலை வயல் விற்பனைக்கு இல்லை

ஜெயக்கொடி அப்பாவுக்கு,

மகளை டாக்டர் படிப்பில் சேர்க்க மதராசுக்கு அழைத்துப் போகிறேன். மாலையில் அவளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் வந்தால், மாப்பிள்ளை லண்டனில் படிக்க நாம் பணம் தரப்போவதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

கப்பல் கூலி முதல் கம்பளிக் கோட்டு வரை அவர்கள் கேட்ட செலவுக்காக, என் அப்பா எனக்குத் தந்த எழுமலை வயலையே விற்கச் சம்மதித்தீர்கள். மகள் கேட்டபோது மட்டும், "பொட்டப்புள்ள படிப்புக்கு இம்புட்டுச் செலவா?" என்றீர்கள். அந்த வயலின் வருஷக் குத்தகையே இவள் படிப்புக்குப் போதும். வயலும் நம்மிடமே இருக்கும். விற்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பணியாரம் உறியில் இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காமல் நீங்களும் சாப்பிடுங்கள்.

அழகம்மாள்

பி.கு.: உங்கள் குடையை ஜெயக்கொடி எடுத்துக்கொண்டாள். "கோவம் ஆறுனா அப்பாவே மதராசுக்கு வந்து வாங்கிக்கிறட்டும்" என்கிறாள்.